மறுபடி சொல்லுங்கள்

வில்லன் வாயில் நல்ல தமிழ் வந்து விழுந்தால் எழுதுகிறவருக்குத் தனி குஷி. சப்டைட்டில் தொழிலில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நாயகன் பேசுவதெல்லாம் "ஓடு", "குனி", "என்னை நம்பு". முழு வாக்கியம் பேசுகிற சாவகாசம் வில்லனுக்குத்தான் உண்டு.

போன மாதம் எனக்கு அப்படி ஒருத்தன் வந்து சேர்ந்தான். விண்வெளித் தொடர். பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதால், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் சொல்கிறேன். கப்பல் தளபதி ஒருவன், கீழே சுற்றுகிற கிரகத்தில் இருக்கும் இனத்தை மொத்தமாக முடித்துவிடச் சொல்லி உத்தரவு போடுகிறான். கத்தவில்லை. தன் அறையில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே மேஜை மைக்கில் சொல்கிறான். ஆங்கிலத்தில் 'க்ளென்ஸ்' என்று ஒரே வினை. நான் அதற்கு "பூண்டோடு கருவறுப்போம்" என்று போட்டேன். ஒரு வரிக்கு 42 எழுத்து, திரையில் ஒரு நேரத்துக்கு இரண்டு வரி, இதற்குள்தான் எங்கள் பிழைப்பு. அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சந்தோஷம் தாங்காமல் சத்தமாகப் படித்துப் பார்த்தேன்.

மும்பை ஆன்டாப் ஹில் வீட்டில், ஃப்ரிஜ்ஜுக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவில் விரிக்கிற மடக்கு மேஜைதான் என் ஆபீஸ். அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு ஏட்டி இவன்? நல்லா பேசுதானே."

"வில்லன்ப்பா. ஒரு இனத்தையே அழிக்கப் போறான்."

"யாரை?"

"வேற கிரகத்து ஆளுங்கள."

"அப்போ சரி. நம்மள இல்லல்லா."

திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

கருவறு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கருவிலேயே அறு. பிறக்கவே விடாதே. நம் சினிமாவிலும் சீரியலிலும் இரண்டு குடும்பம் சண்டை போட்டால் இந்தச் சொல் கட்டாயம் வரும், தியேட்டரில் விசில் பறக்கும். இதைப் போன்ற சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பூண்டோடு, வேரோடு, வேரடி மண்ணோடு, களையெடு. கவனித்தீர்களா, எல்லாம் தோட்டத்துச் சொற்கள். மனிதனைச் செடியாக்கிவிட்டால் மண்வெட்டி எடுப்பது சுலபம்.

களை என்றதும் குறள் ஞாபகம் வந்தது. செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், 550: "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." இங்கேயும் களைதான். ஆனால் வள்ளுவரின் களை யார் என்று பாருங்கள், கொலை செய்த கொடியவன். கையால் செய்த காரியத்துக்காக அவனுக்கு அந்தப் பெயர். அவன் அப்பன் யார், எந்தத் தெரு, எந்த மூக்கு என்று குறளில் இல்லை. (மரண தண்டனை சரியா என்பது வேறு சண்டை, அதற்கு இன்னொரு நாள் வருகிறேன்.) என் தளபதியின் களை வேறு. அவன் அழிக்கச் சொல்கிறவர்கள் ஒன்றும் செய்யவில்லை. பிறந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது, அது தொழில் சம்பந்தப்பட்டது. நான் எழுதியது தப்பு மொழிபெயர்ப்பு. அவன் கோபப்படவில்லை. சுத்தம் பண்ணச் சொன்னான். ஹாலைப் பெருக்கச் சொல்கிற மாதிரி. அவனுக்கு இல்லாத ரோஷத்தை நான் கொடுத்து, வீச்சரிவாள் எடுத்த மாமனாக்கிவிட்டேன். அதனால்தான் அப்பாவுக்கு அவனைப் பிடித்துப் போனது.

அறிவியல் புனைகதையில் இந்தச் சுத்தம் பழைய சரக்கு. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில், காலேஜ் படிக்கிற காலத்தில் ஒரு தடித்த கதைத் தொகுப்பு வாங்கினேன். அட்டை போயிருந்தது. அதில் ஜாக் லண்டன் எழுதிய 'ஈடிணையற்ற படையெடுப்பு' இருந்தது, 1910-இல் வந்த கதை. ஓநாயும் நாயும் பனியுமாக எழுதிய அதே ஆள்தான். தொழிலாளிகளுக்காகப் பேசிய சோஷலிஸ்ட் வேறு. கதை 1976-இல் நடக்கிறது. சீனாவில் ஜனத்தொகை பெருகிக்கொண்டே போகிறது, மற்ற நாடுகளுக்குப் பயம். ஒரு விஞ்ஞானி யோசனை சொல்கிறார். ஆகாயக் கப்பல்கள் பெய்ஜிங் மேல் பறந்து கண்ணாடிக் குழாய்களைப் போடுகின்றன. குழாய் உடைகிறது. உள்ளே கொள்ளைநோய்க் கிருமிகள். யாரும் தப்பி வெளியே வராதபடி எல்லையில் படை, கடலில் கப்பல். எல்லோரும் செத்த பிறகு நாட்டைச் சுகாதாரப்படுத்துகிறார்கள். உலகத்து ஜனங்கள் குடியேறுகிறார்கள். சுபம்.

இதை லண்டன் சரித்திர வாத்தியார் குரலில், ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார். உள்ளே கிண்டல் ஒளிந்திருக்கிறது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. என் காதுக்கு எட்டவில்லை. இத்தனை கோடிப் பேர் சாகிற கதையில் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு அம்மா உண்டா என்று இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன். இல்லை.

அவருக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், 1898-இல், எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பு நாவல் புத்தகமாக வந்தது. முதல் அத்தியாயத்திலேயே அவர் வாசகனைத் தட்டி உட்காரவைக்கிறார்: செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால், டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளை ஐரோப்பியர்கள் ஐம்பது வருஷத்தில் என்ன செய்தார்கள் என்று யோசித்துக்கொள். சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்தபோது, லண்டன் மாநகரத்து வாசகனிடம் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனாலும் ஒரு பிசகு. அவர்கள் முழுக்க அழிந்தே போனார்கள் என்று வெல்ஸ் எழுதிவிட்டார். அழியவில்லை. அந்தப் பூர்வகுடிகளின் வாரிசுகள் இன்றும் டாஸ்மேனியாவில் இருக்கிறார்கள், "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இருக்கிறார்கள். பரிந்து பேசவந்தவரும் ஒரு கை மண்ணைப் போட்டுவிட்டார்.

இவர்கள் இரண்டு பேரும் இவற்றை எழுதியபோது 'ஜெனோசைட்' என்ற சொல்லே கிடையாது. 1944-இல் ராஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் பாதி கிரேக்கம், பாதி லத்தீன் என்று ஒட்டிச் செய்தது அது. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அதை ஒரு குற்றம் என்று வரையறுத்து ஒப்பந்தம் நிறைவேற்றியது. தமிழில் இனப்படுகொலை என்கிறோம், இன அழிப்பு என்கிறோம். 2009 மே மாதத்துக்கு அப்புறம் தமிழ் வாசிக்கிற எவருக்கும் அது அகராதிச் சொல்லாக இல்லை. முள்ளிவாய்க்கால் என்று பக்கத்தில் எழுதாமலே அது அங்கே நிற்கும். அதனால்தான் தொடர்களில் அந்தச் சொல் வரும் இடத்தில் நான் கொஞ்சம் நின்று, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

மறுநாள் காலையில், தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி போடுகிற சத்தத்துக்கு நடுவில் அப்பாவிடம் கேட்டேன். "நீங்க லால்பாக் ஹோட்டல்ல இருந்தப்ப நடந்ததைச் சொல்லுங்க."

அறுபதுகளின் கடைசி. அப்பாவுக்கு 15 வயது. திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு உடுப்பி ஹோட்டலில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். "பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி" என்று தென்னிந்தியர்களுக்கு எதிராகத் தெருவெல்லாம் கோஷம். மகுடியை ஊது, லுங்கிக்காரனை விரட்டு. அப்பா இப்போதும் அதை ராகத்தோடு சொல்லுவார், சிரித்துக்கொண்டே. கேட்க நன்றாகத்தான் இருக்கும், எதுகை சுத்தமாக விழுகிறது. ஆளைத் துணியாக்கிவிட்டால் போதும், உருவி எறியலாம்.

"ஷட்டரை எறக்கிட்டு ஆறு பேர் உள்ள கெடந்தோம். சாம்பார் அடுப்புல. எறக்கி வச்சா சட்டி சத்தம் கேக்கும். எறக்காட்டா அடிப்பிடிச்ச வாடை வெளிய போவும். எதுக்குன்னு பயப்பட? வெளிய கூட்டம் வந்து ஷட்டரைத் தட்டுது. அப்போ ஒருத்தன் கொரல் கேக்கு. ஆத் கோணி நாஹி, காவாலா கேலே."

உள்ளே யாரும் இல்லை, ஊருக்குப் போய்விட்டார்கள்.

"மில்லுல வேலை பாத்த ஆளு. மராட்டிக்காரன். தெனம் சாயந்திரம் வந்து ஒரு சாயும் பன்னும் தின்னுட்டுப் போவான். அவன் நம்ம கடைக்கு மூணு ரூவா பாக்கி. கடை எரிஞ்சுருந்தா கணக்கு நோட்டும்லா எரிஞ்சுருக்கும்? கடன் தீந்துருக்கும்." ஒரு வாய் இட்லியைப் பிட்டுக்கொண்டு, "கூமுட்டப் பய," என்றார், ரொம்பப் பிரியமாக.

கூட்டம் போய்விட்டது. அதை இனப்படுகொலை என்று நான் சொல்ல மாட்டேன், அது அந்தச் சொல்லைக் கேவலப்படுத்துவது. ஆனால் சாம்பார் அடிப்பிடித்த வாடை வெளியே நின்றவர்கள் எல்லோருக்கும் வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த மில் தொழிலாளிக்கும்தான்.

விண்வெளிக் கதைகளில் இனத்தை அழிக்க மறுக்கிற காட்சி என்றால் ரசிகர்கள் உடனே சொல்வது 1975-இல் பிபிசியில் வந்த 'டாக்டர் ஹூ' தொடரின் ஆறு பாகக் கதை, 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்'. எழுதியவர் டெர்ரி நேஷன், உலகப்போரின் நடுவே சிறுவனாக இருந்தவர். தனக்கு வேறுபட்ட எல்லாவற்றையும் கொல்லும் டாலெக்குகளை அவர் நாஜிகளை மனதில் வைத்துத்தான் செய்தார். டாலெக்குகள் பிறக்கப்போகிற அறை. தொடரின் நாயகன் பெயரே டாக்டர்தான், அவர் கையில் இரண்டு ஒயர். சேர்த்தால் வெடிக்கும், அந்த இனமே இருக்காது. அவர் தயங்குகிறார். ஒரு குழந்தையைக் காட்டி, இது வளர்ந்து லட்சக்கணக்கான பேரைக் கொல்லும் என்று சொன்னால், அந்தக் குழந்தையை உன்னால் கொல்ல முடியுமா என்று கூட இருப்பவர்களைக் கேட்கிறார்.

எல்லோரும் இத்தோடு நிறுத்திக்கொண்டு கைதட்டுவார்கள். கடைசி பாகத்தில் அவர் ஒயரைச் சேர்க்கத் திரும்பிப் போகிறார் என்பதை யாரும் சொல்வதில்லை. நடுவில் ஒரு டாலெக் வந்து, அதன் மேலேயே ஒயர் பட்டு வெடிக்கிறது. நல்ல வேளை, கதாசிரியர் காப்பாற்றினார். எனக்கு அதில் பிடித்த காட்சி வேறு. டாலெக்குகளைப் படைத்த விஞ்ஞானி டேவ்ரோஸிடம் டாக்டர் கேட்கிறார்: எல்லா உயிரையும் கொல்லக்கூடிய வைரஸ் ஒன்று உன் கையில் இருந்தால், திறந்துவிடுவாயா? டேவ்ரோஸ் இல்லாத ஒரு குப்பியை விரல் நடுவில் பிடித்துப் பார்க்கிறான். ருசி பார்க்கிற முகம். திறப்பேன் என்கிறான். லண்டனின் கண்ணாடிக் குழாயை 65 வருஷம் கழித்து ஒருவன் கையில் கொடுத்து, அவன் முகத்தைப் பக்கத்தில் காட்டினார்கள். லண்டன் கதையில் குழாயைப் போட்டவர்களுக்கு முகமே இல்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதவன் ஒரு குமாஸ்தா. 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1993-இல் வந்த 'டூயட்' என்கிற எபிசோட். முக்கால்வாசியும் ஒரே லாக்கப் அறை, இரண்டே பேர். கார்டாசியர்கள் பஜோர் கிரகத்தைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் நடந்த ஒரு கொடூர முகாமின் தலைவன் என்று ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். விசாரிப்பவள் கீரா, பஜோர் போராளி. அவன் பேசுகிற பேச்சு இருக்கிறதே! நீங்கள் இனப்படுகொலை என்பது எனக்கு ஒரு நாள் வேலை என்கிறான். (மனதுக்குள் "அன்றாடப்பாடு" என்று மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டேன். தொழில் புத்தி.) கடைசியில் குட்டு உடைகிறது. அவன் தலைவன் இல்லை, அதே முகாமில் ஃபைல் அடுக்கிய குமாஸ்தா, பெயர் மாரிட்ஸா. ராத்திரியில் அலறல் கேட்கும்போது கட்டிலில் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டவன். செத்துப்போன தலைவனின் முகத்தை அறுவை சிகிச்சையில் தன் முகமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். தன்னைத் தூக்கில் போட்டால், தன் இனம் செய்ததைத் தன் இனமே ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்று.

கீரா அவனை விடுவித்து வெளியே அழைத்து வருகிறாள். கூட்டத்திலிருந்து ஒரு பஜோர்க்காரன் வந்து அவன் முதுகில் கத்தியை இறக்குகிறான். ஏன் என்று கேட்டால், அவன் கார்டாசியன், அது போதாதா என்கிறான். "போதாது" என்கிறாள் கீரா. முதல் காட்சியில் அவளுக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

காதைப் பொத்திக்கொள்வது என்றதும் எனக்கு என் ஃபைல் ஞாபகம் வந்தது. நாங்கள் எப்போதும் சத்தத்தைக் கேட்டு எழுதுவதில்லை. ஆங்கில டெம்ப்ளேட் வரும், நேரம் குறித்து வரும், அதைப் பார்த்தே ஓட்டிவிடலாம். நிமிஷக் கணக்கில்தான் காசு. அன்று ராத்திரி "கருவறுப்போம்"-ஐ அழித்து, "கீழே சுத்தம் செய்துவிடுங்கள்" என்று மாற்றிவிட்டு, ஹெட்போனை மாட்டி அந்தக் காட்சியை முழுசாக ஓட்டினேன்.

உத்தரவை வாங்குகிறவள் ஒரு ரேடியோக்காரி. பெயர்கூட இல்லாத பாத்திரம். தளபதி சொல்கிறான், சுத்தம் செய். அவள், "மறுபடி சொல்லுங்கள்" என்கிறாள். அவன் திரும்பச் சொல்கிறான். லைனில் ஒரு கரகரப்பும் இல்லை. அவள் இரண்டாவது தடவை, "மறுபடி சொல்லுங்கள்." அவன் குரலைக் கொஞ்சம் ஏற்றி, இடத்தையும் சேர்த்துச் சொல்கிறான். பக்கத்து நாற்காலிகளில் தலைகள் திரும்புகின்றன. மூன்றாவது தடவை, "மறுபடி சொல்லுங்கள்." இப்போது அவன் கையுறை மேஜையில் கிடக்கிறது. "அங்கே இருக்கிற எல்லோரையும் கொன்றுவிடு" என்கிறான். அவள் குறித்துக்கொள்கிறாள். அனுப்பிவிடுகிறாள். அவ்வளவுதான், பொத்தானை உடைக்கவில்லை, ஒயரைப் பிடுங்கவில்லை.

நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? முதல் "மறுபடி சொல்லுங்கள்"-ஐ மட்டும் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் வெட்டியிருந்தேன். திரும்பத் திரும்ப வருவதை விட்டுவிடலாம் என்பது எங்கள் தொழிலில் வழக்கம். அந்த எபிசோடில் அந்த அழிவுக்கு எதிராக ஒருத்தி வாய் திறந்தது அந்த இரண்டு வரியில்தான். வழக்கப்படி வெட்டிவிட்டேன்.

தாராவிப் பக்கம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தபோது டீச்சர் ஒருவர் புறநானூற்றின் 46-ஆம் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். கிள்ளிவளவன் தன் எதிரி மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறவைக்கப்போகிறான். நாளைக்கு வளர்ந்து பழிவாங்குவார்கள் என்றுதானே? டாக்டர் கேட்ட அதே குழந்தைதான். கோவூர் கிழார் போய் நிற்கிறார். நீ புறாவுக்காகத் தன்னைக் கொடுத்தவன் பரம்பரை. இவர்கள் புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தங்கள் சோற்றைப் பகிர்ந்து தின்றவர்கள் பிள்ளைகள் என்று இரண்டு வரி. அப்புறம் கையை நீட்டிக் காட்டிவிடுகிறார்: "களிறு கண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்தலைச் சிறாஅர்." அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டன. தங்களைக் கொல்ல வந்த யானையை வேடிக்கை பார்க்கின்றன. கூடியிருக்கிற ஆட்களைப் பார்த்துத்தான் மிரளுகின்றன. கடைசி வரி, "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே." கேட்டுவிட்டாயல்லவா, இனி உன் இஷ்டம்.

புறநானூறு முழுக்க இப்படியென்று பெருமையடிக்க வரவில்லை. பகைவன் ஊரில் கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கியதை மெச்சுகிற பாட்டும் அதிலேயே இருக்கிறது, 15-ஆவது. அதையும் டீச்சர் நடத்தினார், ராகம் போட்டு.

இரண்டு "மறுபடி சொல்லுங்கள்"-ஐயும் திரும்பச் சேர்த்து ஃபைலை அனுப்பினேன். மூன்று நாளில் க்யூசியிலிருந்து, அதாவது தரம் பார்க்கிறவர்களிடமிருந்து, திரும்பி வந்தது. இரண்டிலும் மஞ்சள் குறி: திரும்ப வருகிறது, நீக்கவும். சத்தத்தைப் போட்டுக் கேளுங்கள், லைன் சுத்தமாக இருக்கிறது, அவளுக்குக் காது கேட்கிறது என்று பத்து வரி எழுதினேன். அதில் ஒரு வரி கோவூர் கிழார். அதை அழித்துவிட்டு அனுப்பினேன், கிறுக்கு என்று நினைத்துவிடுவார்கள். பதில் வந்தது. மூன்றாவதை ஒத்துக்கொண்டார்கள், இரண்டாவது போய்விட்டது. ஃபைல் பூட்டியாகிவிட்டது.

அப்பாவிடம் கதையைச் சொன்னேன். ரேடியோக்காரி மூன்று தடவை கேட்டதை, அவன் கடைசியில் வாயைத் திறந்து கொல் என்று சொன்னதை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்னாச்சு?"

"தெரியலப்பா. அடுத்த எபிசோட் வேற யாருக்கோ போயிருச்சு."

"கேட்டுச் சொல்லு," என்றார்.